வீட்டு முற்றத்தில் படகு கட்டலாமா?

கடல் எங்கே, வடக்குப்பட்டு எங்கே!

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது வடக்குப்பட்டு. சுற்றிலும் தொழிற்சாலைகள். கார் செய்கிறார்கள். லாரி செய்கிறார்கள். மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள். டயர் செய்கிறார்கள். ஆனால் படகு செய்கிற ஊர் என்று யாரும் இதைச் சொல்லமாட்டார்கள். மீனவர் குப்பமும் இல்லை, துறைமுகமும் இல்லை. இருப்பது ஏரியும் வயலும்தான்.

அந்த ஊரில் 2022-ம் ஆண்டு மத்திய தொல்லியல் துறையினர் பள்ளம் தோண்டிப் பார்த்தார்கள். கற்கால மனிதர்கள் செய்த கல் ஆயுதங்கள் கிடைத்தன. கண்ணாடி மணிகள் கிடைத்தன. அவற்றோடு இன்னொரு பொருளும் கிடைத்தது. அது என்ன தெரியுமா? ரோமாபுரி ஜாடிகளின் உடைந்த துண்டுகள்!

ரோமாபுரி எங்கே இருக்கிறது? இத்தாலியில். அங்கே ஒயினும் எண்ணெயும் ஊற்றி அனுப்புகிற ஜாடி அது. அந்த ஜாடி கால் முளைத்து நடந்து வந்திருக்காது. கப்பலில் வந்து, கரையில் இறங்கி, பிறகு வண்டியிலோ தலைச்சுமையாகவோ வடக்குப்பட்டு வந்திருக்கவேண்டும். அந்தக் காலத்தில் நம் கரையில் பல இடங்களில் கப்பல் கட்ட மேடை கிடையாது. நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து சாமானைக் கரைக்குக் கொண்டுவரச் சிறு மரப் படகுதான் வேண்டும்.

ஆக, படகுக்கும் வடக்குப்பட்டுக்கும் பழைய உறவு உண்டு. அந்த உறவு இப்போது மழைக்காலத்தில் மட்டும் நினைவுக்கு வருகிறது. அதுவும் தண்ணீர் வாசற்படி ஏறிய பிறகு!

தெருவில் படகு வந்த நாள்

2015 டிசம்பர் 1-ந் தேதியை இந்த வட்டாரத்து ஜனங்கள் மறக்கவில்லை. அன்று காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரை புரண்டது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாகவேண்டும். வெள்ளம் என்றாலே எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியையே குறை சொல்வார்கள். ஆனால் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்கு அந்த ஏரி காரணம் அல்ல. செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே உள்ள ஊர்கள். கீழே சேரும் தண்ணீர் மேலே ஏறி வருமா? அங்கே புகுந்தது ஆதனூர், மணிமங்கலம், ஒரத்தூர் பக்கத்து ஏரிகளிலிருந்து வந்த வெள்ளம். அதாவது ஒரகடம் பக்கத்துத் தண்ணீர். இதனால்தான் பின்னால் ஒரத்தூரில் ஒரு நீர்த்தேக்கம் கட்டும் வேலையை சர்க்கார் எடுத்துக்கொண்டது.

அன்று வீடுகளில் மாட்டிக்கொண்டவர்களை மீட்டது யார்? ராணுவம் வந்தது. பேரிடர் மீட்புப் படை வந்தது. கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டு அனுப்பியவர்கள் சிலர், கூப்பிடாமலே வந்தவர்கள் பலர். கடலில் வலை போடும் கை, தெருவில் கிழவிகளைத் தூக்கிப் படகில் உட்காரவைத்தது.

2018 ஆகஸ்டில் கேரளத்திலும் இதே கதைதான். 600-க்கு மேற்பட்ட மீன்பிடிப் படகுகள் உள்நாட்டுக்குப் போயின. அவை மீட்டவர்கள் 60,000-க்கும் மேல் என்று அந்த மாநில சர்க்கார் கணக்குச் சொன்னது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் மறுபடியும் தெருவில் படகு ஓடியது. அடுத்த இரண்டே வாரத்தில் தூத்துக்குடி மாவட்டம் மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டர் மழை! அங்கும் மீனவர்களின் படகுதான் கைகொடுத்தது.

ஆனால் இதில் ஒரு சங்கடம். கடலில் ஓடும் படகு பெரியது, கனமானது. அலையை வெட்டுவதற்காக அதன் அடிப்பாகம் கூராக இருக்கும். மெயின் ரோட்டில் வரும், சந்தில் திரும்பாது. முழங்கால் தண்ணீரில் தரை தட்டும். அதைத் தூக்கி வைக்கவே பத்துப் பேர் வேண்டும். லாரி வேண்டும். லாரி வர ரோடு வேண்டும். ரோடுதான் தண்ணீருக்குள் இருக்கிறதே!

அதனால் அந்த நாட்களில் ஜனங்கள் கையில் கிடைத்ததை எல்லாம் தெப்பமாக்கினார்கள். லாரி டியூப், பிளாஸ்டிக் பீப்பாய், வாழைத்தண்டு, கழற்றிய கதவு. சில மிதந்தன. சில கவிழ்ந்தன. ஒரு சிறிய தட்டைப் படகு தெருவுக்கு ஒன்று இருந்திருந்தால்?

இந்தக் கேள்விக்கு இங்கிலாந்தில் 60 வருஷத்துக்கு முன்பே ஒரு பதில் கிடைத்துவிட்டது. அங்கே வெள்ளத்துக்காகக் கண்டுபிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்காகக் கண்டுபிடித்தார்கள்.

பத்திரிகை விற்ற படகு

லண்டனில் ‘டெய்லி மிரர்’ என்று ஒரு தினப்பத்திரிகை. தொழிலாளர்களும் சாமானியர்களும் வாசிப்பது. லட்சக்கணக்கில் விற்பனை. 1963-ல் இந்தப் பத்திரிகை ஒரு வேடிக்கையான காரியம் செய்தது. படகு விற்றது!

முழுப் படகு அல்ல. படகுக்கு வேண்டிய ஒட்டுப்பலகைத் துண்டுகள், கம்பி, பசை, பாய் எல்லாவற்றையும் கட்டாகக் கட்டி விற்றது. வாங்கியவர் வீட்டுக் கொட்டகையில் வைத்துத் தாமே பூட்டிக்கொள்ளவேண்டும். விலை 63 பவுன் 11 ஷில்லிங். படகின் பெயரும் ‘மிரர்’. பாய் சிவப்பு நிறம். நீளம் சுமார் 11 அடி. உடல் பாகத்தின் எடை 45 கிலோதான். காரின் கூரைமேல் வைத்துக் கொண்டுபோகலாம்.

இதைத் திட்டம் போட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஜாக் ஹோல்ட், படகு வடிவமைப்பதே அவர் தொழில். இன்னொருவர் பாரி பக்னெல். இவர் டெலிவிஷனில் தோன்றி, வீட்டு ரிப்பேர் வேலைகளை நாமே செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுத்தவர். கதவு மாட்டுவது, அலமாரி செய்வது, இப்படி. தச்சு வேலை தெரியாதவனுக்கும் புரிகிற மாதிரிப் படகு கட்டவேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

என்ன வழி கண்டார் தெரியுமா? தையல்!

பழைய முறையில் படகு கட்டுவது பெரிய வித்தை. முதலில் முதுகெலும்பு போல ஏரா மரம் போடவேண்டும். விலா எலும்பு போல வளைந்த சட்டங்கள் நிறுத்தவேண்டும். அதன்மேல் பலகைகளை வளைத்து ஆணி அடிக்கவேண்டும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே மயிரிழை போகக்கூடாது. பத்து வருஷம் பழகிய ஆசாரிக்குத்தான் அது கைவரும்.

பக்னெல் முறை வேறு. மெல்லிய ஒட்டுப்பலகையை, ஜாக்கெட்டுக்குத் துணி வெட்டுகிற மாதிரி, அளவு பார்த்து வெட்டிக்கொள்ளவேண்டும். ஓரங்களில் சின்னச் சின்ன ஓட்டை போடவேண்டும். இரண்டு ஓரத்தையும் சேர்த்துச் செம்புக் கம்பியால் தைக்கவேண்டும். கம்பியை முறுக்க முறுக்கப் பலகை தானாக வளைந்து படகு வடிவத்துக்கு வந்துவிடும். பிறகு உள்ளேயும் வெளியேயும் தையல்மேல் கண்ணாடி நார் நாடா வைத்துப் பசை தடவவேண்டும். பசை காய்ந்தால் கல். அவ்வளவுதான்.

பள்ளிக்கூட வாத்தியார்கள் கட்டினார்கள். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து கட்டினார்கள். 70,000-க்கு மேற்பட்ட ‘மிரர்’ படகுகள் உலகத்தில் கட்டப்பட்டன. கடல் என்றால் பணக்காரன் சொத்து என்று அந்த நாட்டில் ஒரு நினைப்பு இருந்தது. அது ஒட்டுப்பலகையால் உடைந்தது. பத்திரிகைக்காரன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் பெருமைதான். நாங்கள் காலண்டர் இனாம் கொடுப்பதோடு நின்றுவிடுகிறோம்.

தையல் நம்முடையது!

ஆனால் படகைத் தைப்பது இங்கிலாந்துக்காரர் கண்டுபிடித்த வித்தையா? இல்லவே இல்லை.

சென்னைக்குத் துறைமுகம் கிடைத்தது 19-ம் நூற்றாண்டின் கடைசியில்தான். அதற்கு முன்னால் 200 வருஷத்துக்கு மேல், கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கவர்னர் ஆனாலும் சரி, குதிரை ஆனாலும் சரி, பீரங்கி ஆனாலும் சரி, கரைக்கு வரவேண்டுமானால் ஒரு படகில் ஏறவேண்டும். மசூலா படகு என்று அதற்குப் பேர். அந்தப் படகில் ஒரு ஆணி கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். உள்ளே விலாச் சட்டமும் கிடையாது.

ஏன் ஆணி அடிக்கவில்லை? இரும்பு இல்லாமலா? அல்ல. சென்னைக் கரையில் அலை மூன்று வரிசையாக வந்து அறையும். ஆணி அடித்த விறைப்பான படகு மணலில் மோதினால் பிளந்துபோகும். தைத்த படகு கூடை மாதிரி நெளிந்து கொடுக்கும். வெள்ளைக்காரர்களின் நல்ல படகுகள் எல்லாம் உடைந்த அலையில் இது மட்டும் தாக்குப்பிடித்தது. தண்ணீர் கசியும். அதை இறைத்துக் கொட்ட ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்திருப்பான்!

கட்டுமரமும் அப்படித்தான். நாலைந்து மரக்கட்டை. ஒரு கயிறு. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைக் காயப்போடுவார்கள். மறுநாள் காலையில் மறுபடி கட்டுவார்கள். வீட்டில் கட்டுகிற படகு என்றால் இதைவிட வேறு எது? ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ என்று பெரிய பெரிய பந்தயப் படகுகளைச் சொல்கிறார்களே, அந்த வார்த்தை நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான்.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்தையும் சொல்லாமல் போகக்கூடாது. வல்வெட்டித்துறையில் உள்ளூர்க்காரர்கள் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்மரக் கப்பலை ஒரு அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். தமிழ் மாலுமிகள் அதை ஓட்டிக்கொண்டு போய் 1938-ல் அமெரிக்காவில் குளாஸ்டர் துறைமுகத்தில் நிறுத்தினார்கள். உலகப் படத்தை எடுத்து விரலை வைத்துப் பாருங்கள். எவ்வளவு தூரம்!

தையல் படகு மியூசியத்துக்குப் போய்விட்டது என்று நினைத்தால், 2025-ல் அது கடற்படைக்கே வந்துவிட்டது. அஜந்தா குகைச் சித்திரத்தில் உள்ள கப்பலைப் பார்த்து, கோவாவில், கேரளத்துக் கைவினைஞர்கள் கயிற்றால் தைத்துக் கட்டினார்கள். ‘கௌண்டின்யா’ என்று பெயர். அந்த வருஷம் மே 21-ந் தேதி கார்வாரில் இந்தியக் கடற்படை அதைச் சேர்த்துக்கொண்டது. டிசம்பர் 29-ந் தேதி குஜராத்தின் போர்பந்தரில் பாய் விரித்துப் புறப்பட்டு, ஜனவரியில் மஸ்கட் போய்ச் சேர்ந்தது.

முட்டத்தில் நடந்த சோதனை

இங்கிலாந்தின் கம்பித் தையலும் நம் கடற்கரையும் ஒரு தடவை சந்தித்தன. இது பலருக்குத் தெரியாது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டம் என்று ஒரு மீனவ ஊர். 1980-ஐ ஒட்டிய வருஷங்களில் அங்கே கட்டுமரத்துக்கு மரம் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. லேசான பெரிய மரங்கள் மலையில் குறைந்துவிட்டன. விலை ஏறியது. ஒரே மரத்தைக் குடைந்து செய்யும் வள்ளத்துக்கும் இதே கதி. மரம் இல்லாவிட்டால் மீனவன் எதில் ஏறிப் போவான்?

கோட்டாறு சமூக சேவை சங்கத்தார் முட்டத்தில் ஒரு படகு கட்டும் நிலையம் ஏற்படுத்தினார்கள். பியர் ஜிலே என்ற பெல்ஜியம் நாட்டவர் அங்கே வேலை செய்தார். ஒட்டுப்பலகையைத் தைத்துப் பசை போட்டுப் படகு கட்டினார்கள். கட்டுமரம் போலவே உருவம், உள்ளே மட்டும் வெற்றிடம் என்றும் ஒன்று செய்துபார்த்தார்கள். பிறகு தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இந்த வேலையை எடுத்துக்கொண்டு கரையோரம் பட்டறைகள் நடத்தியது.

சுலபமாக நடந்ததா? இல்லை. ஜிலே 1985-ல் ஒரு புத்தகம் எழுதினார். ‘சிறியது அழகு’ என்று ஷூமாக்கர் என்ற பொருளாதார அறிஞர் எழுதிய பிரசித்தமான புத்தகம் ஒன்று உண்டு. ஜிலே தன் புத்தகத்துக்கு வைத்த தலைப்பு ‘சிறியது கஷ்டம்’! அனுபவப்பட்டவர் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. கட்டுமரங்கள் ஆயிரக்கணக்கில் உடைந்தன. நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் கண்ணாடி நார்ப் படகுகள். அச்சில் வார்த்து எடுப்பவை. ஒரு தலைமுறைக்குள் கரையில் மரம் இழைக்கும் சத்தம் அடங்கிவிட்டது. நார்ப் படகு நல்ல படகுதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதை வாங்கத்தான் முடியும், வீட்டில் கட்ட முடியாது. இதுதான் வித்தியாசம்.

உள்நாட்டில் என்ன இருக்கிறது? ஒகேனக்கல்லில் பரிசல் இருக்கிறது. மூங்கிலைக் கூடையாகப் பின்னி, பிளாஸ்டிக் தாள் போர்த்தித் தார் பூசுகிறார்கள். முன்பு தோல் போர்த்தினார்கள். வீட்டு வாசலில் செய்யும் படகு என்றால் தமிழ்நாட்டில் இன்றைக்கும் உயிரோடு இருப்பது இது ஒன்றுதான் என்று சொல்லலாம். ஏரிகளில் வலை போடுகிறவர்கள் பலர் தெர்மாகோல் கட்டிகளைச் சேர்த்துக் கட்டி அதன்மேல் உட்கார்ந்து போகிறார்கள். பார்த்தால் நமக்கு வயிற்றைக் கலக்கும்.

கணக்குப் பார்ப்போம்

சரி, ஒரு குடும்பத்தில் யாரோ ஒருவர், ஒரகடத்தில் ஷிப்டு வேலை பார்க்கும் ஒரு தம்பி என்று வைத்துக்கொள்வோம், “படகு கட்டப்போகிறேன்” என்கிறார். அவர் அம்மா முதலில் என்ன கேட்பார்?

“ஏன்டா, இது மிதக்குமாடா?”

நல்ல கேள்வி. அதற்குப் பதில் கணக்கில் இருக்கிறது. மூன்றாம் வகுப்புக் கணக்குப் போதும்.

ஒரு படகும் அதில் உள்ளவர்களும் சேர்ந்து எத்தனை கிலோவோ, அத்தனை லிட்டர் தண்ணீரை அது விலக்கவேண்டும். படகு 50 கிலோ. ஆளுக்கு 60 கிலோ வீதம் மூன்று பேர். மொத்தம் 230 கிலோ. ஆகவே 230 லிட்டர் தண்ணீர் விலகவேண்டும். படகின் அடி தட்டையாக 8 அடி நீளம், 3 அடி அகலம் என்று வைத்துக்கொண்டால், அது தண்ணீருக்குள் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் இறங்கும். அரைச் சாண்தான்! பக்கப் பலகை 40 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் ஒரு சாணுக்கு மேல் வெளியே நிற்கும். முழங்கால் ஆழத் தண்ணீரில் தாராளமாகப் போகும்.

இது மிதக்கும் கணக்கு. கவிழும் கணக்கு வேறு. அதைப் பிறகு சொல்கிறேன். அதுதான் முக்கியம்.

பலகை வாங்கும்போது ஏமாறக்கூடாது. ஒட்டுப்பலகையில் பல ஜாதி உண்டு. அலமாரிக்குப் போடும் சாதாரணப் பலகை தண்ணீர் பட்டால் அப்பளம் மாதிரி உப்பிப் பிரிந்துவிடும். படகுக்கு வேண்டியது ஐ.எஸ். 710 என்று முத்திரை குத்திய பலகை. கொதிக்கும் தண்ணீரில் 72 மணி நேரம் கிடந்தாலும் அதன் ஒட்டு விடக்கூடாது என்பது அதற்குள்ள சோதனை. முத்திரையை நம்பாதவர் வெட்டின துண்டு ஒன்றை வீட்டு அடுப்பில் சில மணி நேரம் கொதிக்கவைத்துப் பார்க்கலாம். அடுக்கு பிரிந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று ஓரத்தை உற்றுப் பார்க்கவேண்டும். ஓட்டைக்குள் தண்ணீர் தங்கினால் அங்கிருந்துதான் மக்கல் ஆரம்பிக்கும்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு சௌகரியம் உண்டு. தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டிலிருந்து சாமான் வரும் பைன் மரப் பெட்டிகள் பழைய மரமாக விற்பனைக்கு வருகின்றன. அதில் கட்டிலும் மேஜையும் செய்கிறார்கள். படகின் உட்காரும் பலகைக்கும் ஓரச் சட்டத்துக்கும் அது போதும். ஆனால் மரத்தின் மேலுள்ள முத்திரையைப் பார்க்கவேண்டும். ஹெச்.டி. என்று இருந்தால் பூச்சி சாகச் சூடேற்றிய மரம், எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்று இருந்தால் விஷப்புகை போட்ட மரம், வேண்டாம். பைன் மரம் வர்ணம் பூசாமல் மழையில் கிடந்தால் சீக்கிரம் மக்கும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். படகின் அடிப்பாகத்துக்கு அது உதவாது.

பசை எபாக்ஸி. இரண்டு டப்பாவில் வரும். இரண்டையும் கலந்தால் சூடாகி இறுகும். மரத்தூள் கலந்து கூழாக்கித் தையல் மூலைகளில் அப்பி, மேலே கண்ணாடி நார்த் துணி போர்த்தவேண்டும். கையுறை கட்டாயம். அந்தப் பசை தோலில் பட்டால் சிலருக்குக் கொப்புளம் கிளம்பும். மூக்கை மூடாமல் காய்ந்த நாரைத் தேய்க்கக்கூடாது. குழந்தைகளைத் தூரத்தில் வைக்கவேண்டும். இத்தனை வாங்கினாலும் புது மோட்டார் சைக்கிளின் விலையில் பாதிகூட ஆகாது.

துளை போடவும் அளவு எடுக்கவும் அந்தப் பகுதியில் ஆள் பஞ்சம் இல்லை. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கிற பிள்ளைகள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கார்க் கதவு பொருத்தத் தெரிந்த கைக்குப் படகுப் பலகை பொருத்துவது பெரிய வேலையா?

கவிழும் கணக்கு

இப்போது பயமுறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன்.

2011 டிசம்பர் 25-ந் தேதி, கிறிஸ்துமஸ் அன்று, பழவேற்காடு ஏரியில் உல்லாசமாகப் போன ஒரு படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். ஒன்றாகச் சுற்றுலா வந்தவர்கள். 2023 மே 7-ந் தேதி கேரளத்தில் தானூரில் இன்னொரு படகு கவிழ்ந்தது. அதிலும் 22 பேர். குழந்தைகள் பலர். அந்தப் படகு மீன்பிடிப் படகாக இருந்தது. அதற்கு மேல்தட்டு கட்டி உல்லாசப் படகாக மாற்றியிருந்தார்கள். ஏற்றக்கூடிய அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள்.

படகு மூழ்குவதைவிடக் கவிழ்வதால்தான் அதிகம் பேர் சாகிறார்கள். தலைமேல் குடம் வைத்து நடக்கும் பெண்ணைப் பாருங்கள். குடம் ஆடினால் உடம்பே ஆடும். படகும் அப்படி. கனம் அடியில் இருக்கும்வரை சாய்ந்தாலும் நிமிரும். கனம் மேலே ஏறினால் சாய்ந்தது சாய்ந்ததுதான். உட்கார்ந்திருந்த மூன்று பேரும் ஒரே சமயத்தில் எழுந்து ஒரே பக்கம் போனால், மேலே நாம் போட்ட 230 கிலோ கணக்கு அந்த நிமிஷமே பொய்யாகிவிடும். பரிசல்காரர் “எழுந்திருக்காதீங்க அண்ணே, உட்காருங்க” என்று அதட்டுவது இதற்காகத்தான்.

வீட்டில் கட்டுகிற படகில் இன்னொரு ஆபத்து. கட்டினவருக்கு அதன்மேல் பாசம் வந்துவிடும். அதில் குறை தெரியாது. அதனால் ‘மிரர்’ படகில் ஆரம்பத்திலேயே ஒரு ஏற்பாடு செய்தார்கள். பக்கங்களில் காற்றுப் பெட்டி போல மூடிய அறைகள் வைத்தார்கள். படகு முழுக்கத் தண்ணீர் நிரம்பினாலும் அது அடிக்குப் போகாது. பிடித்துக்கொண்டு மிதக்கலாம். இந்த அறை இல்லாமல் யாரும் படகு கட்டக்கூடாது என்பது என் அபிப்பிராயம். அதோடு ஆளுக்கு ஒரு மிதவைச் சட்டை. நீச்சல் தெரிந்தவருக்கும்தான்.

அடுத்து, எந்தத் தண்ணீரில் ஓட்டுவது? தெருவில் தேங்கி நிற்கும் தண்ணீரில் ஓட்டலாம். ஓடுகிற வெள்ளத்தில், அடையாற்றில், ஏரி கலங்கல் பக்கத்தில், இந்தப் படகை இறக்கவே கூடாது. அங்கே பயிற்சி பெற்ற மீட்புப் படையினரே கயிறு கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். தேங்கிய தண்ணீரிலும் அறுந்த மின்சாரக் கம்பி இருக்கும். மூடி இல்லாத சாக்கடைக் குழி சுழித்து இழுக்கும். கரண்ட் நிறுத்தியாகிவிட்டதா என்று கேட்காமல் துடுப்பைத் தொடக்கூடாது.

சட்டமும் இருக்கிறது. 2021-ல் பாராளுமன்றம் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் என்று புதிதாக ஒன்று செய்தது. 1917-ம் வருஷத்துப் பழைய சட்டத்துக்குப் பதில் இது. எஞ்சின் வைத்த படகு என்றால் சோதனை, பதிவு எல்லாம் உண்டு. எஞ்சின் இல்லாத துடுப்புப் படகு, பரிசல் இவற்றின் கணக்கை உள்ளாட்சி மன்றம் வைத்துக்கொள்ள இந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதாவது ஊர்ப் பஞ்சாயத்து அல்லது நகராட்சி. ஏரியில் இறக்குவதற்கு ஏரியைப் பராமரிக்கும் இலாகாவின் அனுமதியும் வேண்டும்.

பஞ்சாயத்துக்கு ஒரு படகு

பஞ்சாயத்து என்று வந்துவிட்டதால் என் மனசில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வீட்டுக்காரரும் படகு கட்டவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. மாடிப்படி வைத்த வீட்டில் படகு வைக்க இடம் எங்கே இருக்கிறது? ஆனால் 2015-லும் 2023-லும் மூழ்கிய ஒவ்வொரு ஊரிலும், நாலு பேர் தூக்கக்கூடிய தட்டைப் படகு இரண்டு இருந்தால் என்ன கெட்டுவிடும்? ரேஷன் கடை மாடியிலோ பள்ளிக்கூட வராந்தாவிலோ கவிழ்த்து வைக்கலாம். கட்டுவதற்கு ஐ.டி.ஐ. மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது பாடமும் ஆகும்.

“ரப்பர் படகு வாங்கிவிடலாமே?” என்று கேட்கலாம். வாங்கலாம். ரப்பர் படகு லேசானது, சுருட்டி வைக்கலாம். ஆனால் வெள்ளத்தில் முள்வேலியும் தகரமும் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். ஒரு கிழிசல் போதும். மூன்று வருஷம் சுருட்டி வைத்ததைப் பிரித்தால் மடிப்பில் வெடித்திருப்பதும் உண்டு. மரப் படகில் ஓட்டை விழுந்தால் உள்ளூர்த் தச்சர் அடைத்துவிடுவார். அதைக் கட்டின பிள்ளைகளே ஊரில் இருப்பார்கள் என்பதுதான் பெரிய லாபம். பழுது பார்க்கத் தெரிந்தவர், ஓட்டத் தெரிந்தவர், எத்தனை பேரை ஏற்றலாம் என்று தெரிந்தவர், மூவரும் ஒரே ஆள்!

எப்போது கட்டுவது என்பதில் ஒரு கண்டிப்பு உண்டு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். மழைக் காற்றில் எபாக்ஸி பசை சரியாக இறுகாது, மேலே பிசுபிசுவென்று வெளுக்கும். பலகையும் ஈரம் குடித்திருக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் நிழலான இடத்தில் தைத்து, ஆனியில் வர்ணம் பூசி, ஆடியில் கிணற்றடித் தொட்டியிலோ குளத்திலோ மிதக்கவிட்டு ஒழுக்குப் பார்த்துவிடவேண்டும். ஐப்பசியில் பலகை வாங்கக் கிளம்புகிறவர் அந்த வருஷத்து மழைக்கு மீனவர் படகைத்தான் எதிர்பார்த்திருக்கவேண்டும்.